பிளம்பர் வந்து சேரும் வரை: வீட்டுக் குழாய் அவசரங்களுக்கு ஒரு வழிகாட்டி

நங்கநல்லூரில் இரண்டாவது மாடி வீட்டுக்கு வாடகைக்குக் குடிவந்து பதினோராவது நாள். விடியற்காலை ஐந்தேகால் மணிக்குக் குளியலறையில் பட்டென்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் கனெக்‌ஷன் டியூப் மேல்முனையில் அறுந்து, பாம்புபோலத் தலையை ஆட்டிக்கொண்டு எதிர்ச்சுவரில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அது வந்து சேரும் ஆங்கிள் வால்வை, அதாவது சுவரோடு இருக்கும் சின்ன மூடு வால்வைத் திருப்பினேன். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாததால் உப்புப் பூத்து இறுகிக் கிடந்தது. அசையவே இல்லை.

மொட்டைமாடிக்கு ஓடினேன். தொட்டியின் அடியில் ஐந்து வால்வுகள் வரிசையாக நின்றன. எது எங்கள் வீட்டுக்குப் போகிறது என்று எப்படித் தெரியும்? முதல் மூன்றையும் மூடிவிட்டுக் கீழே ஓடிவந்து பார்த்தேன். தண்ணீர் அப்படியே பாய்ந்துகொண்டிருந்தது. மறுபடியும் மேலே. அதற்குள் சத்தம் கேட்டு எழுந்து வந்த மூன்றாவது மாடி அக்கா, "கோடியில் இருக்கிறதே, அதுதான் உங்களுடையது" என்று காட்டினார். மூடிவிட்டு இறங்கியபோது கூடம் முழுக்கத் தண்ணீர், அரிசி மூட்டையின் அடிப்பாகம் ஊறிப்போயிருந்தது, மாடிப்படிகளில் ஓடை மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

பிளம்பர் ஒன்பதரை மணிக்கு வந்தார். புது டியூப் மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டில் நடந்த சேதம் முழுவதும் நான் மாடிக்கும் கீழுக்குமாக ஓடிய அந்த அரை மணி நேரத்தில் நடந்தது. அந்த அரை மணி நேரம் பிளம்பரின் கையில் இல்லை, வீட்டில் இருப்பவரின் கையில் இருக்கிறது. புதிதாகத் தனிவீடு அல்லது அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறுபவர்கள், முதல்முறையாகப் பெற்றோரைப் பிரிந்து தாங்களே வீடு எடுப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

பால் காய்ச்சிக் குடிபுகுந்த வாரத்திலேயே வீட்டின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிறுத்தலாம் என்பதை நடந்து பார்த்துவிடுங்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். தெருக்குழாயிலிருந்தோ ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்தோ லாரியிலிருந்தோ தண்ணீர் தரைக்கு அடியில் இருக்கும் சம்ப்புக்கு வருகிறது. மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து தன் எடையாலேயே கீழிறங்கி ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறது. ஆகவே வீட்டுக்குள் என்ன உடைந்தாலும் அதை நிறுத்தும் இடம் பெரும்பாலும் உங்கள் தலைக்கு மேலே, மொட்டைமாடியில் இருக்கிறது.

அங்கே இரண்டு வகை வால்வுகளைப் பார்க்கலாம். வட்டமான சக்கரம் வைத்தது கேட் வால்வு. கடிகார முள் சுற்றும் திசையில் பல சுற்றுகள் சுற்றினால் மூடும். நீளமான கைப்பிடி வைத்தது பால் வால்வு (ball valve). கைப்பிடி பைப்பின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கால் சுற்றுதான், ஒரு நொடியில் முடிந்துவிடும். வீட்டு உரிமையாளர் பழைய கேட் வால்வை மாற்ற முன்வந்தால் பால் வால்வாகவே போடச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கான வால்வைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நிற்க, மற்றவர் மாடியில் ஒவ்வொன்றாக மூடிக் கைப்பேசியில் கேட்க வேண்டும். மூடியவுடன் நிற்காது, பைப்பில் இருக்கும் தண்ணீர் வடியும் வரை சற்று நேரம் ஓடும். அவசரப்பட்டு அடுத்ததற்குப் போய்விடாதீர்கள். பல வீடுகளில் குளியலறைக்கு ஒரு வழி, சமையலறைக்கு ஒரு வழி, கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்கு உப்புத் தண்ணீர் வரும் வழி என்று மூன்று இருக்கும். எல்லாவற்றையும் பாருங்கள். கண்டுபிடித்ததும் எனாமல் பெயின்ட்டால் வால்வுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதிவிடுங்கள். மார்க்கர் பேனா எழுத்து ஒரு கோடையைக்கூடத் தாங்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் முழுக்க மூடித் திறக்க வேண்டும். சென்னையின் பல பகுதிகளில் வரும் கடினநீரில் உப்பு படிந்து வால்வுகள் இறுகிவிடும். இறுகியதை ஸ்பேனர் போட்டு ஒரே மூச்சில் திருப்பக் கூடாது, தண்டு முறிந்துவிடும். கொஞ்சம் மூடும் பக்கம், கொஞ்சம் திறக்கும் பக்கம் என்று ஆட்டி ஆட்டித்தான் விடுவிக்க வேண்டும். வீட்டுக்குள் வாஷ்பேசின், ஃப்ளஷ் தொட்டி, கீசர் ஆகியவற்றுக்குப் போகும் ஆங்கிள் வால்வுகளையும் இப்படியே பழக்குங்கள். நான் அன்றைக்கு அனுபவித்தது இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாததன் விளைவு.

கூடவே மோட்டார் சுவிட்ச், வீட்டின் மெயின் சுவிட்ச், கீசருக்கான தனி எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானாக விழும் சிறு சுவிட்ச்) ஆகிய மூன்றும் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரிய வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

எது அவசரம், எது காலை வரை பொறுக்கும்

ராத்திரி பதினொரு மணிக்குப் பிளம்பரை எழுப்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏதாவது ஒரு வால்வை மூடினால் இது நிற்குமா? நின்றுவிட்டால் அது காலை வரை பொறுக்கும். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் சொட்டும் குழாய் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 லிட்டரை வீணாக்கும். வருத்தமான விஷயம்தான், ஆனால் அவசரம் இல்லை. வாளியை வைத்துவிட்டுத் தூங்கலாம். ஓயாமல் ஓடும் ஃப்ளஷ் தொட்டி, மெதுவாக வடியும் சமையலறைத் தொட்டி எல்லாம் இந்த வகைதான்.

பொறுக்காதவை ஐந்து. தண்ணீர் மின்சாரத்தை நெருங்குவது. குழாயையோ கீசரையோ தொட்டால் சுருக்கென்று இழுப்பது. கீசரிலிருந்து ஆவியும் கொதிக்கும் சத்தமும் வருவது. கழிவுநீர் தரை ஜாலி வழியாக மேலே எழும்புவது. குடிநீரில் சாக்கடை வாடை வருவது. இந்த ஐந்தில் எது நடந்தாலும் நேரம் பார்க்காதீர்கள்.

சுவரில் புதிதாகத் தோன்றும் ஈரத்திட்டு நடுவில் நிற்கும் விஷயம். கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சுவருக்குள் வெந்நீர்க் குழாய் கசிகிறது. உடனே கீசரை அணைத்து, அதற்குப் போகும் தண்ணீரை மூடுங்கள். குளிர்ந்திருந்தால் திட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு நேரத்தை எழுதிவையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டிப் பரவினால் தண்ணீர்க் குழாய் கசிகிறது என்று பொருள். மேல்வீட்டில் குளித்த பிறகு மட்டும் பரவினால் மேல்வீட்டின் வடிகாலைப் பார்க்க வேண்டும். திட்டு சுவிட்ச் பலகைக்கு அருகில் இருந்தால் மட்டும் கையை வைத்துச் சோதிக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

குழாய் உடைந்து பாயும்போது

அரை அங்குலக் குழாய் ஒன்று முழுதாக அறுந்தால் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் வரை கொட்டும். 1,000 லிட்டர் மாடித் தொட்டி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உங்கள் கூடத்துக்கு வந்துவிடும். எனவே வரிசை முக்கியம்.

முதலில் உடைப்புக்கு மிக அருகில் இருக்கும் ஆங்கிள் வால்வு. அது திரும்பாவிட்டால் அதனோடு மல்லுக்கட்டாமல் மாடி வால்வுக்குப் போங்கள். போகும் வழியிலேயே மோட்டார் சுவிட்சை அணையுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இப்போது பல வீடுகளில் தானியங்கி மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. தொட்டியில் மட்டம் குறைந்தவுடன் அது தானாகவே மோட்டாரைப் போட்டுவிடும். உடைப்பு வழியாகத் தொட்டி காலியாகக் காலியாக, சம்ப்பில் இருக்கும் தண்ணீரையும் அது ஏற்றி வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது மின்சாரம். தண்ணீர் தரையில் பரவி, பிளக் பாயின்ட்டையோ பிரிட்ஜின் ஸ்டெபிலைசரையோ தரையில் கிடக்கும் இணைப்புப் பெட்டியையோ நெருங்கினால், ஈரத்தில் நடந்து போய் அதைப் பிடுங்காதீர்கள். மெயினை அணைத்துவிடுங்கள். மெயின் இருக்கும் இடத்திலேயே தண்ணீர் நின்றால் அதையும் தொடாமல் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து, மின்வாரியத்தின் 94987 94987 எண்ணை அழையுங்கள்.

வால்வை மூடிய பிறகும் பைப்பில் தேங்கிய தண்ணீர் வடியும். வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாயை, அநேகமாகக் குளியலறையில் வாளி வைக்கும் குழாயை, முழுக்கத் திறந்துவிடுங்கள். உடைப்பின் வழியே வருவது குறைந்துவிடும். அந்தத் தண்ணீரை வாளிகளிலும் குடங்களிலும் பிடித்துக்கொள்ளுங்கள். பிளம்பர் வரும் வரை கழிப்பறைக்கு அதுதான் உதவும்.

எந்த வால்வும் வேலை செய்யாத நிலையும் வரும். அப்போது வீட்டிலுள்ள வடிகால் வசதி கொண்ட எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுத் தொட்டியை அவற்றின் வழியே காலி செய்வதுதான் வழி. தண்ணீர் வீணாவதைப் பார்க்க நெஞ்சு பொறுக்காது. ஆனால் அது கூடத்துக்குப் போவதைவிடச் சாக்கடைக்குப் போவது மேல்.

தற்காலிகக் கட்டுக்கு நம்மிடம் இருக்கும் மிக நல்ல பொருள் பழைய சைக்கிள் டியூப். வெளியே தெரியும் பைப்பில் ஊசித்துளையோ கீறலோ விழுந்திருந்தால், இரண்டு அங்குல அகலத்தில் டியூபை நாடாவாக நறுக்கிக்கொள்ளுங்கள். துளைக்கு ஒரு சாண் தள்ளித் தொடங்கி, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றின் மேல் பாதி ஏறும்படி, நன்றாக இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே துளையைத் தாண்டி இன்னொரு சாண் போங்கள். பிறகு திரும்பி வாருங்கள். இழுத்துச் சுற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. தளர்ந்த சுற்று ஒரு சொட்டைக்கூட நிறுத்தாது. மேலே கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டால் ஓரிரு நாள் தாங்கும்.

எம்சீல் போன்ற மாவு வகைகளை நம்பி ஓடும் தண்ணீரில் அப்புபவர்கள் நிறையப் பேர். ஈரத்தில் அது பிடிக்காது. தண்ணீரை நிறுத்தி, பைப்பைத் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு மாவையும் சம அளவில் ஒரே நிறம் வரும் வரை பிசைந்து அப்ப வேண்டும். இறுகுவதற்கு எவ்வளவு நேரம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். அதுவரை வால்வைத் திறக்கக் கூடாது.

குழாய் சுவரோடு முறிந்து, அதன் மரை உள்ளேயே மாட்டிக்கொண்டால் அதைக் குறடால் நோண்டாதீர்கள். உள்ளே இருக்கும் எல்போ (வளைவு இணைப்பு) விரிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். மாடி வால்வை மூடிவிட்டு, மரத்துண்டைக் கூம்பாகச் சீவித் துணி சுற்றித் துளைக்குள் அழுத்தி வையுங்கள். மரம் ஈரத்தில் ஊதி இறுகிக்கொள்ளும். மற்றதைப் பிளம்பர் பார்த்துக்கொள்வார்.

கீசரும் மின்கசிவும்

கீசர் சூடாகும்போது அதன் பாதுகாப்பு வால்விலிருந்து சில சொட்டுகள் விழுவது இயல்பு. சூடாகும் தண்ணீர் விரிவதால் மிகும் அழுத்தத்தை அது வெளியேற்றுகிறது. சொட்டுகிறது என்று அதை அடைத்துவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதைப்போல ஆபத்தான காரியம் வேறில்லை. அடைத்த வால்வும் பழுதான தெர்மோஸ்டாட்டும் சேர்ந்தால் கீசர் வெடிக்கலாம்.

தானாக அணைய வேண்டிய விளக்கு அணையாமல் இருப்பது, உள்ளே கொதிக்கும் சத்தம், குழாயைத் திறந்தால் தண்ணீரோடு ஆவி பீறிடுவது ஆகியவை எச்சரிக்கைகள். குளியலறைச் சுவிட்சை நம்பாமல் எம்.சி.பி.யை அணையுங்கள். வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். சில மணி நேரம் தானாக ஆறட்டும். பழுது பார்ப்பவர் வந்து பார்க்கும் வரை திரும்பப் போடாதீர்கள்.

குழாயைத் தொடும்போதோ ஷவரில் நிற்கும்போதோ உடம்பில் சுருக்கென்று இழுத்தால், "இன்னொரு முறை தொட்டுப் பார்ப்போம்" என்ற எண்ணமே வேண்டாம். தண்ணீரை விட்டு விலகி வந்து மெயினை அணையுங்கள். இதற்கு அழைக்க வேண்டியவர் எலெக்ட்ரீஷியன், பிளம்பர் இல்லை. கீசரின் சுருள் பழுதாகியிருக்கலாம், எர்த் இணைப்பு அறுந்திருக்கலாம், மோட்டாரிலிருந்தும் கசிந்து வரலாம். உங்கள் மின்பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் போடச் செய்யுங்கள். அதன் மேல் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். அது அடிக்கடி தானாக விழுகிறது என்றால், கழற்றிப் போடச் சொல்லாதீர்கள். ஏன் விழுகிறது என்று தேடச் சொல்லுங்கள்.

கழிவுநீர் மேலே எழும்பினால்

எல்லா அவசரங்களிலும் மனத்தை அதிகம் கலங்கடிப்பது இதுதான். அடைப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரே ஒரு தொட்டி மட்டும் வடியவில்லை என்றால் அடைப்பு அதற்கு அடியிலேயே இருக்கிறது. சமையலறைத் தொட்டியின் கீழே குப்பி வடிவில் இருக்கும் டிராப்பின் அடியில் வாளியை வைத்துவிட்டுக் கையால் திருகிக் கழற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தேங்காய் நாரும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்து மெழுகுபோல் திரண்டிருக்கும். வழித்து எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மடங்காமல் பொருத்தி மாட்டுங்கள். வாஷ்பேசினுக்கு ரப்பர் பம்ப் போடும்போது, மேலே இருக்கும் வழிவுத் துளையை ஈரத்துணியால் அடைத்துவிட்டு அழுத்த வேண்டும். அடைக்காவிட்டால் காற்று அந்த வழியே தப்பிவிடும், எத்தனை முறை அழுத்தினாலும் பயன் இருக்காது.

கழிப்பறையில் ஃப்ளஷ் செய்தால் குளியலறை ஜாலியில் தண்ணீர் குமிழியிடுகிறது, வாஷிங் மெஷின் தண்ணீரை விட்டால் கழிப்பறையில் மட்டம் ஏறுகிறது என்றால், அடைப்பு எல்லாம் சேரும் பொதுக் குழாயில் இருக்கிறது. உடனே வீட்டில் எல்லாத் தண்ணீர்ப் பயன்பாட்டையும் நிறுத்துங்கள். அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் இருந்தால் மேலே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லுங்கள். அவர்கள் குளிக்கும் தண்ணீர் முழுவதும் உங்கள் வீட்டில்தான் வந்து எழும்பும்.

பிறகு வெளியே இருக்கும் சேம்பரின் (கழிவுக் குழாய்கள் வந்து சேரும் குழியின்) மூடியைத் தள்ளி நின்று திறந்து பாருங்கள். சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால், தெருப் பக்கம். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். அடுத்தடுத்த சேம்பர்களைத் திறந்து, நிரம்பியதும் காலியானதும் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்தால் அடைப்பின் இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும். பிளம்பரிடம் இதைச் சொன்னால், அடைப்பைக் குத்தி எடுக்கும் மூங்கில் பிளாச்சை எந்தப் பக்கமிருந்து விடுவது என்று அவர் தேட வேண்டியதில்லை. எல்லாச் சேம்பரும் நிரம்பியிருந்தால் தெருவின் பாதாளச் சாக்கடையே நிரம்பியிருக்கிறது. சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் சொல்லிப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமிலத்தை ஊற்றுவது பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். காலையில் ஒருவர் பிளீச்சிங் போட்டிருப்பார், மாலையில் தெரியாமல் இன்னொருவர் அமிலம் ஊற்றுவார். இப்படித்தான் விபத்து நடக்கிறது. கொதிக்கும் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், பி.வி.சி. பைப் இளகி வளைந்துவிடும், ஒட்டு விட்டுப்போகும்.

இனி வருவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ எந்தக் காரணத்துக்காகவும் எந்த மனிதரையும் இறக்காதீர்கள். "ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுங்கள், இறங்கிப் பார்க்கிறேன்" என்று அவரே சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் நுகரும் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நினைத்து இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுகிறார். மூன்று பேர், நான்கு பேர் என்று செய்தித்தாளில் நாம் படிப்பது இப்படி நடப்பதுதான். கையால் கழிவு அகற்றும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வேலைக்கு அமர்த்தியவரே குற்றவாளி. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தண்டனைக்குப் பயந்து செய்யாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டு அடைப்புக்காக ஒருவர் உயிர் போகக் கூடாது.

செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் குழாய் வைத்து உறிஞ்சும் கழிவுநீர் ஊர்தியை வரவழையுங்கள். தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணில் இதற்கு உதவி கேட்கலாம். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காமல் 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101ஐ அழையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைத்தள வீடுகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தெருவில் தண்ணீர் நின்றால் சாக்கடை பின்னோக்கி வந்து கழிப்பறை வழியாக வீட்டுக்குள் பொங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வாசலில் மணல் மூட்டை அடுக்கி வைத்த வீடுகளுக்குள் இந்த வழியாகத் தண்ணீர் புகுந்தது. கனமான பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி இறுகக் கட்டி, கழிப்பறைக் கோப்பையிலும் தரை ஜாலிகளின் மேலும் அழுத்தி வையுங்கள். சொந்த வீடு என்றால், சேம்பருக்கு முன்னால் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்துவது நிரந்தரத் தீர்வு.

குடிநீரில் கலந்துவிட்டால்

தண்ணீர் கலங்கலாகவோ வாடையோடோ வந்தால் மோட்டாரைப் போடாதீர்கள். கெட்டது சம்ப்போடு நிற்கட்டும், மாடித் தொட்டியில் இருப்பதாவது தப்பும். அக்கம்பக்கத்தில் கேளுங்கள். எல்லார் வீட்டிலும் அப்படி என்றால் தெருக்குழாயில் கலந்திருக்கிறது, 1916க்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் சம்ப்புக்குப் பக்கத்தில் போகும் கழிவுக் குழாயைச் சந்தேகியுங்கள். அதுவரை குடிக்க, சமைக்க, பல் துலக்கக்கூட அந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்பது உண்மை, ஆனால் சாக்கடை கலந்ததை வடிகட்டியும் கொதிக்க வைத்தும் குடிநீராக்கிவிட முடியாது.

காரணத்தைச் சரிசெய்த பிறகு சம்ப்பைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்பும் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைத் தனிவாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி அரை மணி நேரமாவது விட வேண்டும். கழுவ இறங்குவதற்கு முன் மோட்டாரின் மின் இணைப்பையே துண்டித்துவிடுங்கள். நெடுநாள் மூடிக்கிடந்த சம்ப்பில் உடனே இறங்காமல், மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, மேலே ஒருவரை நிறுத்திக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பிளம்பரிடம் என்ன சொல்வது

"குழாய் உடைந்துவிட்டது, சீக்கிரம் வாருங்கள்" என்றால் அவர் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போவார். எந்த மாடி, வெந்நீர் வழியா தண்ணீர் வழியா, சுவருக்குள்ளா வெளியிலா, பைப்பின் நிறம் என்ன என்று சொல்லுங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில் இருப்பது பெரும்பாலும் வெந்நீருக்கும் ஏற்ற சி.பி.வி.சி., வெள்ளை யு.பி.வி.சி., துருவேறிய இரும்பாக இருந்தால் ஜி.ஐ. ஒவ்வொன்றுக்கும் இணைக்கும் முறையும் உதிரிபாகமும் வேறு. உடைந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. வாடகை வீடு என்றால் அதே படத்தை வீட்டு உரிமையாளருக்கும் உடனே அனுப்புங்கள். பிறகு செலவைப் பற்றிப் பேச்சு வரும்போது அது பேசும்.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை. திருகு ஸ்பேனர், வெள்ளை டெஃப்லான் டேப், குழாய் முனையை அடைக்கும் அரை அங்குல எண்ட் பிளக் இரண்டு, உபரியாக ஒரு கனெக்‌ஷன் டியூப், சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி, ரப்பர் பம்ப், டார்ச். எல்லாம் ஒரு பழைய வாளிக்குள் அடங்கிவிடும்.

தண்ணீரைத் திரும்பத் திறக்கும்போது

பழுது முடிந்ததும் மாடி வால்வை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். முதலில் கால்வாசி. வீட்டுக்குள் தாழ்வான குழாயைத் திறந்து வைத்திருங்கள். பைப்பில் நிறைந்த காற்று இருமிக்கொண்டும் துப்பிக்கொண்டும் வெளியேறும். ஓட்டம் சீரானதும் முழுதாகத் திறக்கலாம். சில நிமிடம் செம்மண் நிறத்தில் வரும், அதைக் கீசருக்குப் போக விடாதீர்கள். குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றித் தட்டினால் மணல் துகள்கள் உதிரும்.

கடைசியாக, புதிதாகப் போட்ட ஒட்டுக்குக் கீழே உலர்ந்த செய்தித்தாள் ஒன்றை மடித்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூட அதில் வட்டமாக ஊறிக் காட்டிக்கொடுத்துவிடும். பிளம்பர் கிளம்புவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். இரவு அப்படியே விட்டுவிட்டு, காலையில் எழுந்ததும் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள்.